காற்றைப் புடைத்துப் பார்க்கும் கருவி

1997ஆம் ஆண்டு செப்டம்பர் 23ஆம் தேதி கூச்சிங் நகரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 839ஐத் தொட்டது. அதற்கு நான்கு நாட்களுக்கு முன்பே சரவாக்கில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டிருந்தது. 2005 ஆகஸ்டு 11ஆம் தேதி கோல சிலாங்கூரிலும் போர்ட் கிள்ளானிலும் குறியீடு 500ஐத் தாண்ட, அங்கும் அவசரகாலம் வந்தது. 2013 ஜூன் 21ஆம் தேதி நண்பகலில் சிங்கப்பூரின் பி.எஸ்.ஐ. 401. இரண்டே நாள் கழித்து மூவாரில் 746. மூவாரும் லேடாங்கும் அவசரகாலத்தின் கீழ் வந்தன.

இந்த எண்கள் மக்களுக்கு மனப்பாடம். குறியீடு 200ஐத் தாண்டினால் பள்ளிக்கு விடுமுறை, 300ஐத் தாண்டினால் ஆபத்து என்று சிறு பிள்ளைகளும் சொல்வார்கள். 1997க்குப் பிறகு மலேசியாவில் பல ஆண்டுகள் வெளியிடப்படாமல் இருந்த இந்த எண்கள் 2005 ஆகஸ்டில் மீண்டும் பொதுமக்கள் பார்வைக்கு வந்தபோது, வானொலிச் செய்தியில் முதலில் கேட்க வேண்டியது அதுதான் என்ற நிலை உண்டானது. ஆனால் அந்த எண் எதை அளந்து சொல்லப்பட்டது என்று கேட்டவர்கள் குறைவு.

புகைமூட்டக் காலங்களில் அந்த எண்ணை உயர்த்தியது காற்றில் மிதக்கும் தூசியின் எடைதான். 10 மைக்ரானும் அதற்குக் குறைவானதுமான துகள்கள் எல்லாவற்றையும் ஒரே வடிதாளில் பிடித்து, ஒரு கன மீட்டர் காற்றில் அவை மொத்தம் எத்தனை மைக்ரோகிராம் என்று பார்த்தார்கள். இதைத்தான் பி.எம்.10 என்கிறார்கள். அரிசி, உமி, தவிடு, கல் எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கட்டித் தராசில் வைத்து, "இருபது கிலோ" என்று சொல்வதைப் போன்றது இது. எடை சரிதான். ஆனால் சாக்கில் எத்தனை கல் இருக்கிறது என்பது அதில் தெரியாது.

கல் எங்கே இருக்கிறது என்று பார்க்கவேண்டுமென்றால் புடைக்க வேண்டும். காற்றிலுள்ள துகள்களை அளவுவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவிலும் என்ன நஞ்சு எவ்வளவு இருக்கிறது என்று தனித்தனியே சோதிப்பதுதான் அந்தப் புடைத்தல். அது தொடங்கிய பிறகுதான் தூசியைப் பற்றிய மருத்துவ உலகின் கருத்தே மாறியது.

ஒன்றுக்குப் பத்து லட்சம்

ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடியின் குறுக்களவு ஏறக்குறைய 50 முதல் 70 மைக்ரான். சாலைப் புழுதி, சிமெண்டுத் தூள், மகரந்தம் போன்றவை பெரும்பாலும் சில மைக்ரானுக்கு மேல். புகை வேறு, வாகனப் புகை, காட்டுத்தீப் புகை, சிகரெட்டுப் புகை ஆகியவற்றின் துகள்கள் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் கீழே.

இங்கே ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் விஷயம் பாதி விளங்கிவிடும். ஓர் உருண்டையின் குறுக்களவு பத்து மடங்கு குறைந்தால் அதன் எடை ஆயிரம் மடங்கு குறையும். ஆகவே 10 மைக்ரான் உருண்டை ஒன்றின் எடைக்கு 2.5 மைக்ரான் உருண்டைகள் 64 வேண்டும். 0.1 மைக்ரான் உருண்டைகள் என்றால் பத்து லட்சம் வேண்டும். தராசுக்கு இரண்டும் ஒன்றே: ஒரு புழுதிமணியும் பத்து லட்சம் புகைத்துகள்களும் ஒரே எடையைத்தான் காட்டும்.

நுரையீரலுக்கு அப்படியில்லை. அந்தப் பத்து லட்சம் துகள்களின் மொத்த மேற்பரப்பு, அந்த ஒற்றைப் புழுதிமணியின் மேற்பரப்பைப் போல நூறு மடங்கு. நஞ்சு ஒட்டிக்கொள்வது மேற்பரப்பில். உடலின் ஈரத்தோடு உறவாடுவதும் மேற்பரப்புதான்.

அடுத்தது, எது எங்கே போய்ச் சேர்கிறது என்ற கேள்வி. பெரிய துகள்களை மூக்கும் தொண்டையும் பிடித்து நிறுத்திவிடும். புகைமூட்ட நாளில் மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வருவது அதனால்தான். கொஞ்சம் சிறியவை மூச்சுக்குழலின் கிளைகளில் படியும். அங்கே சளிப்படலமும், அதை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும் நுண்மயிர்களும் உண்டு. இருமல் அந்த வேலையின் ஒரு பகுதி. 2.5 மைக்ரானுக்கும் குறைந்தவையோ கடைசிவரை, அதாவது இரத்தம் ஆக்சிஜனை வாங்கிக்கொள்ளும் காற்றுச் சிற்றறைகள்வரை போகின்றன. அந்தச் சிற்றறைகளை எல்லாம் விரித்துப் போட்டால் ஏறத்தாழ 70 சதுர மீட்டர் வரும். ஒரு பூப்பந்துத் திடலுக்குச் சற்றுக் குறைவான பரப்பு. அங்கே தள்ளிவிடும் மயிர்கள் இல்லை. துகளை விழுங்க வரும் வெள்ளணுக்கள் மட்டுமே காவல். மிக நுண்ணியவற்றில் ஒரு பகுதி சுவரைக் கடந்து இரத்தத்திலேயே கலந்துவிடுகிறது.

இது வெறும் உடற்கூற்றுக் கணக்கல்ல என்பதை 1993இல் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆறு நகர ஆய்வு காட்டியது. மிகவும் தூய்மைகெட்ட நகரில் வாழ்ந்தவர்களின் இறப்பு விகிதம், மிகத் தூய்மையான நகரைவிட 26 விழுக்காடு கூடுதலாக இருந்தது. அந்த வேறுபாட்டோடு நெருக்கமாகப் பொருந்தி வந்தது நுண்துகளின் அளவுதான். 1987இல் பி.எம்.10க்கு வரம்பு வைத்திருந்த அமெரிக்கா, 1997இல் பி.எம்.2.5க்கும் தனி வரம்பு வைத்தது. கூச்சிங் புகையில் மூழ்கியதும் அதே 1997தான்.

சல்லடை அல்ல, முறம்

சரி, ஒரு மைக்ரான் துகளையும் அரை மைக்ரான் துகளையும் எப்படிப் பிரிப்பது? சல்லடையால் சலிக்கலாமே என்று தோன்றும். அவ்வளவு சிறிய கண் வைத்த சல்லடை உடனே அடைத்துக்கொள்ளும். துகள்களும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சல்லடையால் ஆகாததை முறம் செய்கிறது. முறத்தில் ஓட்டை கிடையாது. காற்றில் எது எப்படிப் போகிறது என்பதை வைத்தே அது பிரிக்கிறது: கனமான மணி நேரே கீழே விழும், உமி காற்றோடு போகும். துகள் பிரிக்கும் கருவியும் முறத்தின் உறவுதான்.

அடுக்கு மோதல் கருவி என்று அதைச் சொல்லலாம். பார்ப்பதற்கு டிபன் கேரியர் மாதிரி இருக்கும். ஒன்றன்மேல் ஒன்றாகத் தட்டுகள். ஒவ்வொரு தட்டுக்கும் மேலே துளைகள் போட்ட ஒரு தகடு. அடியில் ஓர் உறிஞ்சு பம்பு. மேலிருந்து இழுக்கப்படும் காற்று, துளைகள் வழியே பீய்ச்சிக்கொண்டு வந்து தட்டின்மேல் மோதும் நிலைக்கு வருகிறது. வழியில்லாததால் சட்டென்று பக்கவாட்டில் திரும்புகிறது. கெந்திங் மலைச்சாலையின் கூரிய வளைவில் மோட்டார் சைக்கிள் வளைந்து போய்விடும். பாரம் ஏற்றிய லோரி அதே வேகத்தில் வந்தால் வளைய முடியாமல் தடுப்பில் மோதும். அதுபோல, கனமான துகள்கள் திரும்ப முடியாமல் தட்டில் மோதி ஒட்டிக்கொள்கின்றன. இலேசானவை காற்றோடு வளைந்து அடுத்த அடுக்குக்குப் போகின்றன. அடுத்த அடுக்கில் துளைகள் இன்னும் சிறியவை. காற்றின் வேகம் கூடுகிறது. முன்பு தப்பியதில் பெரியது இப்போது மாட்டிக்கொள்ளும். இப்படியே கீழே இறங்க இறங்க நுண்ணியவை பிடிபடும். எல்லாவற்றிலும் தப்பியதைக் கடைசியில் ஒரு வடிதாள் பிடித்துக்கொள்ளும்.

இதனால் விஞ்ஞானிகள் "இத்தனை மைக்ரான்" என்று சொல்வது, அளவுகோல் வைத்து அளந்த குறுக்களவு அல்ல. அது துகளின் நடத்தைக்குக் கொடுத்த பெயர். துகள் கோணல்மாணலாக இருக்கலாம், ஈயமாக இருக்கலாம், பஞ்சு போன்ற கரியாக இருக்கலாம். காற்றில் அது எந்த அளவு நீர்த்துளியைப் போல இறங்குகிறதோ, அந்தத் துளியின் அளவே அதன் அளவு. நுரையீரலுக்குள்ளும் துகள் இந்த நடத்தைப்படிதான் போகும் என்பதால் இந்தக் கணக்கு மிகவும் பொருத்தம். பி.எம்.2.5 என்பதும் கத்தியால் வெட்டியது போன்ற எல்லையல்ல, 2.5 மைக்ரான் துகள்களில் பாதியைப் பிடித்துப் பாதியை விட்டுவிடும் இடம், அவ்வளவுதான்.

இந்தக் கருவியின் பிறப்பு போரோடு சம்பந்தப்பட்டது. இங்கிலாந்தின் போர்ட்டன் டவுன் இராணுவ ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த கே. ஆர். மே என்பவர் 1945இல் நான்கு அடுக்குக் கருவியைப் பற்றி எழுதினார். துகள்கள் கண்ணாடிச் சில்லுகளில் படியும். நுண்நோக்கியில் வைத்துப் பார்க்கலாம். 1958இல் அமெரிக்காவில் ஆண்டர்சன் ஆறு அடுக்குக் கருவியைச் செய்தார். ஒவ்வொரு தகட்டிலும் 400 துளைகள். அது காற்றில் மிதக்கும் உயிருள்ள கிருமிகளை அளவுவாரியாகப் பிடித்து வளர்த்துப் பார்க்க வந்தது. அதன் வாரிசுகள் இன்றும் மருத்துவமனை அறைகளின் காற்றைச் சோதிக்கின்றன. பின்னர் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் வெர்ஜில் மார்ப்பிலும் உடன் உழைத்தவர்களும் உருவாக்கி, 1991இல் விவரித்த கருவி 0.056 மைக்ரான் வரை இறங்கியது. அதன் கடைசி அடுக்குகளில் துளைகளின் எண்ணிக்கை 2,000. நச்சுத் துகள் ஆய்வுகளில் பெரும்பாலும் காணக்கிடைப்பது இந்த வகைதான்.

அரிசிமணியில் ஐந்தில் ஒரு பங்கு

கருவி இருந்துவிட்டால் வேலை எளிது என்று நினைத்துவிடக் கூடாது. அந்தக் கருவி நிமிடத்துக்கு 30 லிட்டர் காற்றை இழுக்கும். ஒரு நாள் முழுக்க ஓடினால் 43 கன மீட்டர். காற்றில் கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம் தூசி இருந்தாலும் (இது மோசமான காற்று) நாள் முழுக்கப் பிடித்தது 4.3 மில்லிகிராம். ஓர் அரிசிமணியில் ஐந்தில் ஒரு பங்கு. அதையும் பத்து அடுக்குகளுக்குப் பங்கு போட வேண்டும். அந்தப் பங்குக்குள் தேடும் நஞ்சோ அதைவிடப் பல மடங்கு குறைவு. புற்றுநோய் உண்டாக்கும் பென்சோபைரீன் என்ற பொருளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் வைத்துள்ள இலக்கு கன மீட்டருக்கு 1 நானோகிராம். அந்த அளவில் இருந்தால் நாள் முழுக்க உழைத்துப் பிடித்தது 43 நானோகிராம். ஒரு கிராமை நூறு கோடியாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் ஒரு நானோகிராம்.

ஆகவே ஆய்வுக்கூடத்தில் பயபக்தியோடு நடந்துகொள்கிறார்கள். படிமத் தாள்களை முன்கூட்டியே சூட்டடுப்பில் வைத்து, ஏற்கெனவே இருக்கும் கரிமப் பொருளை எரித்துவிடுவார்கள். ஒரே வெப்பம், ஒரே ஈரப்பதம் உள்ள அறையில் வைத்து, முன்னும் பின்னும் எடை போடுவார்கள். காற்றே இழுக்காத வெற்றுத் தாள் ஒன்றையும் களத்துக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்து சோதிப்பார்கள். கையால் பட்ட அழுக்கு எவ்வளவு என்று தெரிய வேண்டுமே! பிறகு பாதித் தாளை அமிலத்தில் கரைத்து உலோகங்களைத் தேடுவார்கள். மறுபாதியைக் கரைப்பானில் ஊறவைத்துக் கரிம நஞ்சுகளைத் தேடுவார்கள்.

இதில் வேடிக்கையான ஒரு சிக்கல் உண்டு. வேகமாக வந்து மோதும் துகள் பந்து போல எகிறி, கீழ் அடுக்கில் போய் விழுந்துவிடலாம். பெரியது சிறியதாகக் கணக்கில் ஏறிவிடும். எகிறாமல் இருக்கத் தட்டில் பசை தடவலாம். ஆனால் பசையே கரிமப் பொருள். அது இரசாயனச் சோதனையைக் கெடுக்கும். மலேசியா, சிங்கப்பூர் போன்ற ஈரக் காற்றுள்ள நாடுகளில் துகள்கள் கொஞ்சம் நனைந்திருப்பதால் எகிறுவது குறைவு. ஆனால் அதே ஈரம் துகளை ஊத வைத்து, அதன் உண்மை அளவை மறைக்கும். ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குகிறது நம் வானிலை.

நஞ்சு ஏன் சிறியதைத் தேடிப் போகிறது?

இவ்வளவு பாடுபட்டுப் பிரித்துப் பார்த்தபோது தெரிந்தது என்ன? 1974 ஜனவரியில் இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நாட்டஷ், வாலஸ், ஈவன்ஸ் மூவரும் 'சயன்ஸ்' இதழில் எழுதிய சிறு கட்டுரை ஒன்று இத்துறையின் திருப்புமுனை. நிலக்கரி மின்நிலையங்களின் பறக்கும் சாம்பலை அளவுவாரியாகப் பிரித்தார்கள். ஆர்செனிக், காட்மியம், ஈயம், செலினியம், தாலியம் ஆகியவை பெரிய சாம்பல் துகளில் குறைவாகவும், துகள் சிறுக்கச் சிறுக்க மிகுதியாகவும் இருந்தன. அதாவது புகைபோக்கியின் வடிகட்டிக்குத் தப்பி வெளியே போவதும், நுரையீரலின் அடிவரை இறங்குவதும் எதுவோ, அதிலேதான் நஞ்சு குவிந்திருந்தது.

காரணம் மர்மமானது அல்ல. உலையின் வெப்பத்தில் ஈயமும் ஆர்செனிக்கும் ஆவியாகிவிடுகின்றன. புகைபோக்கியில் மேலேறும்போது சூடு தணிய, அந்த ஆவி ஒட்டிக்கொள்ள இடம் தேடுகிறது. குளிர்ந்த பானத்தின் புட்டியில் நீர் படிவதைப் போலத் துகள்களின்மேல் படிகிறது. எடைக்கு எடை பார்த்தால், அதிக மேற்பரப்பு யாரிடம்? சிறிய துகளிடம். ஆகவே நஞ்சும் அங்கேயே போய்ச் சேர்கிறது. இரும்பும் அலுமினியமும் அப்படி எளிதில் ஆவியாவதில்லை. அவை பெரிய துகள்களிலேயே தங்கிவிடுகின்றன.

ஈயம் கலந்த பெட்ரோல் ஓடிய காலத்தில் வாகனப் புகையில் நடந்ததும் இதே கதை. சிங்கப்பூர் 1998இல் ஈய பெட்ரோலை நிறுத்தியது. கப்பல்களின் கனரக எண்ணெய் எரிந்தால் வனேடியமும் நிக்கலும் நுண்துகளில் ஏறும். துறைமுக நகரங்களின் தூசியில் இந்த இரண்டையும் சேர்ந்து கண்டால், புகை எங்கிருந்து வந்தது என்று ஓரளவு ஊகித்துவிடலாம். அளவு பிரித்துப் பார்ப்பது நஞ்சை மட்டுமல்ல, குற்றவாளியையும் காட்டிக்கொடுக்கிறது.

கரிம நஞ்சுகளின் கதை இன்னும் பழையது. 1775இல் இலண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட், புகைபோக்கி துடைக்கும் வேலையில் சிறு வயதிலேயே தள்ளப்பட்டவர்களுக்குப் பின்னாளில் வந்த ஒரு வகைப் புற்றுநோய்க்குக் கரிப்புகையே காரணம் என்றார். ஒரு தொழிலால் புற்றுநோய் வரும் என்று எழுதப்பட்ட முதல் சான்றுகளில் அது ஒன்று. அந்தக் கரியில் இருந்த பொருள் எது என்று தெரிய நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1933இல் இலண்டனில்தான் நிலக்கரித் தாரிலிருந்து பென்சோபைரீன் பிரித்தெடுக்கப்பட்டது. வளையம் வளையமாகக் கார்பன் கோத்த நூற்றுக்கணக்கான பொருள்களில் அது ஒன்று. எது அரைகுறையாக எரிந்தாலும் இவை உண்டாகும்: விறகு, டீசல், இறைச்சிக் கொழுப்பு, புகையிலை.

இவற்றிலும் அளவுக் கணக்கு உண்டு. இரண்டு மூன்று வளையம் கொண்ட இலேசான பொருள்கள் பெரும்பாலும் ஆவியாகவே காற்றில் திரியும். துகளுக்குத் துகள் தாவிப் பெரியவற்றிலும் போய் ஒட்டும். ஐந்து, ஆறு வளையம் கொண்ட கனமானவை, பிறந்த நுண்துகளை விட்டு அவ்வளவாக நகர்வதில்லை. புற்றுநோயோடு அதிகம் தொடர்புடையவை இந்தக் கனமானவைதான். பென்சோபைரீனுக்கு ஐந்து வளையம்.

புகைமூட்டத்தின் உள்ளே

சுமாத்ராவிலும் கலிமந்தானிலும் எரிவது மரம் மட்டுமல்ல. பல்லாயிரம் ஆண்டுகளாக நீரில் ஊறி மக்கிய தாவரக் கரிமண், அதாவது பீட் நிலம். வாய்க்கால் வெட்டி நீரை வடித்தால் அது காய்ந்து, தீப்பிடித்தால் சுடர்விடாமல் நிலத்துக்கு அடியில் வாரக்கணக்கில் கனன்றுகொண்டே இருக்கும். குறைந்த சூட்டில், போதிய காற்றில்லாமல் எரிவதால் எரிதல் முற்றுப்பெறுவதில்லை. அதிலிருந்து கிளம்பும் துகளின் எடையில் மிகப் பெரும் பங்கு 2.5 மைக்ரானுக்குக் கீழே. பெரிய துகள்கள் வழியிலேயே விழுந்துவிடும். நுண்துகள்கள் நாள்கணக்கில் மிதந்து மலாக்கா நீரிணையைக் கடந்து வரும். மூவாரில் மக்கள் சுவாசித்தது ஊர்ப் புழுதியை அல்ல.

ரியாவ் மாநிலத்தில் தீயின் அருகிலேயே துகள் பிடித்தும், கிள்ளான் பள்ளத்தாக்கில் துகள் பிடித்தும் ஜப்பானிய, மலேசிய, இந்தோனேசிய ஆய்வாளர்கள் சோதித்திருக்கிறார்கள். மரமோ செடியோ எரிந்தால் உண்டாகும் லெவோகுளுக்கோசன் என்ற சர்க்கரைப் பொருள் அதற்குத் தடயம். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ராஜசேகர் பாலசுப்பிரமணியனும் அவரது குழுவினரும் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்தப் புகையை ஆராய்ந்து வந்துள்ளனர். 2013 புகைமூட்டத்தின்போது நுண்துகளில் இருந்த உலோகங்களில் எவ்வளவு உடலில் எளிதில் கரையக்கூடிய வடிவில் இருந்தது என்று பிரித்துப் பார்த்தார்கள். 2015இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு, புகைமூட்டத் துகள்களை அளவுவாரியாகப் பிரித்து, மூச்சுப் பாதையின் எந்த இடத்தில் எந்த உலோகம் படியும் என்று கணக்கிட்டது. முறத்தின் வேலை முழுமை பெறுவது இத்தகைய கணக்கில்தான்.

அதே குழுவின் இன்னொரு வேலை தமிழ் வாசகர்களுக்குச் சுவையாக இருக்கும். சிங்கப்பூர் உணவுக் கடைகளில் சீன, மலாய், இந்தியச் சமையல் புகையை அருகருகே அளந்து 2006இல் வெளியிட்டார்கள். வளையக் கரிம நஞ்சு மலாய்க் கடையில் மிக அதிகம், இந்தியக் கடையில் மிகக் குறைவு. இதில் இனப் பெருமை பேச ஒன்றுமில்லை. கொதிக்கும் எண்ணெயில் முக்கிப் பொரிப்பது அங்கே அதிகம், குழம்பாகக் கொதிக்க வைப்பது இங்கே அதிகம், அவ்வளவுதான் வேறுபாடு. நாள் முழுக்க வடையும் பஜ்ஜியும் போடும் கடையில் அளந்திருந்தால் கதை மாறியிருக்கக்கூடும். வெளியே புகைமூட்டம் என்று சன்னலைச் சாத்திவிட்டு, உள்ளே எண்ணெய்ச் சட்டியை வைத்து ஊதுவத்தியும் கொளுத்தினால், நுண்துகள் வெளியிலிருந்து வரவேண்டிய அவசியமில்லை.

முகக்கவசம் பற்றியும் ஒரு வார்த்தை. சாதாரண அறுவைக் கவசம் கன்னத்தோரம் இடைவெளி விடுகிறது. புழுதியைத் தடுக்கும், நுண்துகள் ஓரமாகப் புகுந்துவிடும். என்95 கவசம் முகத்தோடு ஒட்டி நிற்க வேண்டும், 0.3 மைக்ரான் அளவில் 95 விழுக்காட்டைப் பிடிக்க வேண்டும். ஏன் 0.3? அதைவிடப் பெரியது வளைய முடியாமல் நாரில் மோதி மாட்டிக்கொள்ளும். அதைவிட மிகச் சிறியது அங்குமிங்கும் தள்ளாடி நாரில் ஒட்டிக்கொள்ளும். நடுவில் இருக்கும் 0.3 தான் இரண்டுக்கும் தப்பும் கெட்டிக்காரத் துகள். வீட்டுக் காற்றுச் சுத்திகரிப்பான்களில் இருக்கும் மலிவான ஒளி உணரிகளோ ஏறத்தாழ அந்த அளவுக்குக் கீழே எதையும் பார்ப்பதே இல்லை. பச்சை விளக்கு எரிவதை முழுதாக நம்பிவிடலாகாது.

பெரிய துகள்கள் நிரபராதிகள் என்றும் சொல்ல முடியாது. ஆஸ்துமா உள்ளவரைச் சாலைப் புழுதியும் பூஞ்சைத் துகளும் வாட்டும். வாகனத்தின் பிரேக்கும் டயரும் தேய்ந்து வரும் செம்பும் துத்தநாகமும் பெரிய துகள்களிலும் உண்டு. புகைபோக்கியோ புகைக்குழாயோ இல்லாமல் வரும் இந்தத் தூசி, மின்சார வாகனங்கள் வந்தாலும் போகப்போவதில்லை.

அளவு பிரித்துப் பார்த்ததன் பலன் மெல்லத்தான் மக்களின் குறியீட்டுக்கு வந்தது. சிங்கப்பூர் 2014 ஏப்ரல் 1ஆம் தேதி முதல் பி.எம்.2.5ஐப் பி.எஸ்.ஐ. கணக்கில் சேர்த்தது. மலேசியா 2018இல் தன் குறியீட்டில் அதைச் சேர்த்தது. ஆகவே 1997இன் 839ஐயும், 2019 புகைமூட்டத்தில் வந்த எண்ணையும் பக்கத்தில் வைத்து எது மோசம் என்று ஒப்பிடுவது சரியாகாது. இரண்டும் ஒரே தராசில் நிறுத்தவை அல்ல. 2013இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வெளிக்காற்றுத் தூய்மைக்கேட்டையே புற்றுநோய்க் காரணிகளின் முதல் பட்டியலில் வைத்தது. உலகச் சுகாதார நிறுவனம் 2005இல் பி.எம்.2.5க்கு ஆண்டுச் சராசரி 10 மைக்ரோகிராம் என்று சொன்ன வழிகாட்டி அளவை 2021இல் 5ஆகக் குறைத்தது.

அந்த 2021 வழிகாட்டியில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதியும் உண்டு. 0.1 மைக்ரானுக்கும் குறைந்த துகள்களைப் பற்றியது அது. பத்து லட்சம் சேர்ந்தாலும் ஒரு புழுதிமணி எடைதான் என்பதால், பி.எம்.2.5 எடையிலும் அவை ஏறக்குறைய மறைந்துவிடுகின்றன. பேருந்து நிறுத்தத்தில் நிற்பவரின் மூச்சில் எண்ணிக்கைப்படி பார்த்தால் பெரும்பாலானவை அவைதான். அவற்றை நிறுக்காமல் எண்ணச் சொல்கிறது நிறுவனம்: ஒரு நாள் சராசரியில் ஒரு கன சென்டிமீட்டர் காற்றில் 1,000க்குக் குறைவு என்றால் குறைந்த அளவு, 10,000க்கு மேல் என்றால் மிகுந்த அளவு. கட்டாய வரம்பு எதுவும் இன்னும் வைக்கப்படவில்லை. பி.எஸ்.ஐ.யிலும் சரி, மலேசியக் குறியீட்டிலும் சரி, இந்த எண்ணிக்கைக்கு இடமில்லை.